ஏழு கோழிகளை நரி கொண்டுபோனது: நஞ்சு வைக்கலாமா, வேண்டாமா?

வளவுக்காரி (தம்பலகாமம்)
திங்கள், காலை 10.15

நேற்று விடியப்புறம் எங்கள் கோழிக்கூட்டில் நரி புகுந்துவிட்டது. 19 ஊர்க்கோழிகள் நின்ற கூட்டில் இப்போது 12தான் நிற்கின்றன. போனவற்றில் ஒன்று 11 முட்டைகளின் மேல் அடை கிடந்த சிவப்புப் பேடு. நான் எழும்பிப் போனபோது முட்டைகள் ஒன்றுகூட உடையாமல் குளிர்ந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

2022இல் இலங்கையில் சாமான் விலை ஏறி, தீன் கிடைக்காமல் பல பண்ணைகள் கோழிகளை விற்றுத் தீர்த்த காலத்தில்தான் நான் நான்கு பேடும் ஒரு சேவலும் வாங்கித் தொடங்கினேன். அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அப்போதும் எங்கள் வளவில் முட்டை இருந்தது. மூத்தவளின் வகுப்புக் காசு இன்றுவரை முட்டையில்தான் போகிறது. ஆகவே ஏழு கோழி என்பது எனக்குச் சின்ன விடயம் இல்லை.

பக்கத்து வளவு ஐயா அன்றே வந்து சொன்னார்: "கோழிக்குடலில் வயல் நஞ்சைப் பிசைந்து வரம்போரம் வை பிள்ளை, மூன்று நாளில் ஊளைச் சத்தமே இராது." என் கணவருக்கும் அரை மனதுச் சம்மதம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. சின்ன வயதில் வயல் பக்கம் நரி ஊளையிட்டதும் அம்மம்மா "பொழுது பட்டுவிட்டது, விளக்கை ஏற்று" என்பார். எங்களுக்கு அதுதான் மணிக்கூடு.

கோழி வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூதூரான்
திங்கள், காலை 10.52

வையுங்கள் தங்கச்சி. யோசிக்க எதுவும் இல்லை.

ஒரு முறை கூட்டுக்குள் ருசி கண்ட நரி திரும்ப வராமல் இராது. முதல் வருடம் என் மாமியின் வளவில் மூன்று கோழி போனது, பேசாமல் இருந்தோம். அடுத்த வருடம் ஒன்பது போனது, இரண்டு ஆட்டுக்குட்டியும் சேர்ந்து போனது. மாமா காலமான பின் மாமிக்கு இருந்த ஒரே வருமானம் அதுதான். இரக்கப்பட்டு யாரும் அவருக்கு ஒரு கிலோ அரிசி கொடுக்கவில்லை. நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு எட்டு ஆடு கேட்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பழைய போதனாசிரியர் (உப்புவெளி)
திங்கள், பிற்பகல் 1.30

மகள், நஞ்சைப் பற்றிப் பேசுமுன் ஒன்று கேட்கிறேன். வந்தது நரிதான் என்று எப்படித் தெரியும்?

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளியிலிருந்து வெருகல் வரை அலைந்தவன் நான். "நரி பிடித்தது" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் சரிபாதியில் வேறு ஏதோ ஒன்றுதான் பிடித்திருந்தது. செத்த கோழி யார் வந்தது என்று சொல்லும். அதைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பகலில் போனால் பருந்து, கீரி, உடும்பு. இந்த மூன்றுக்கும் இரவில் வேலை இல்லை. முட்டை மட்டும் காணாமல் போனால் உடும்பையோ பாம்பையோ தேடுங்கள். கூரை பிரிந்து, தலையும் கழுத்தும் கடிபட்டுக் கோழி கூட்டுக்குள்ளேயே கிடந்தால் மரநாய். ஒரு கோழியும் இல்லை, ஓர் இறகும் இல்லை, ஆனால் கூட்டு மூலையில் வயிறு வீங்கிய மலைப்பாம்பு சுருண்டு கிடக்கிறது என்றால் அதற்கு விளக்கம் தேவையில்லை. தம்பலகாமம் போல வயலும் வாய்க்காலும் உள்ள இடத்தில் மீன்பிடிப் பூனையும் வரும். அதைப் புலிக்குட்டி என்று நினைத்து அடித்துக் கொல்பவர்களைக் கண்டிருக்கிறேன், மனம் வெந்துபோகும்.

நரி வந்தால் பெரும்பாலும் உடல் மிஞ்சாது. ஒன்றைக் கவ்விக்கொண்டு பற்றைக்குள் போகும். கூட்டிலிருந்து பற்றை வரை இறகு கோடு போட்டதுபோல் சிந்தியிருக்கும். வழி திறந்தே கிடந்தால் திரும்பவும் வரும். ஊர் நாய்கள் கூட்டமாக வந்தால் நிலைமை வேறு. துரத்தித் துரத்திக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும், தின்னாது. காலையில் வளவு முழுக்க உடல் கிடக்கும்.

எங்கே எத்தனை உடல் கிடந்தது, எந்த வழியால் உள்ளே போனது, கதவு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

வளவுக்காரி (தம்பலகாமம்)
திங்கள், இரவு 8.05

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி பார்த்தேன்.

ஐந்து கோழிகளின் உடல் எங்கும் இல்லை. பின்பக்கக் கிடுகு வேலியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக வாய்க்கால் பற்றை வரை இறகு கிடக்கிறது. ஆனால் இரண்டு கோழிகள் கிணற்றடியிலும் படலைக்குப் பக்கத்திலும் கடிபட்டுத் தின்னாமல் கிடந்தன. அவற்றை நேற்றே புதைத்துவிட்டேன். கூட்டின் கீழ்ப் பலகையோரம் மண் பறிக்கப்பட்டிருக்கிறது.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று மழை. மின்சாரமும் இல்லை. கொளுவி உடைந்து இரண்டு மாதமாகிறது, கயிற்றால்தான் கட்டுவோம். அன்று கட்டியது நான்தான். இறுக்கிக் கட்டினேனா என்று இன்று வரை நினைத்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

பழைய போதனாசிரியர் (உப்புவெளி)
திங்கள், இரவு 8.40

அப்படியானால் நரியும் வந்திருக்கிறது, நாயும் வந்திருக்கிறது. எது முதலில் வந்தது என்று இனித் தெரியாது. நரி பறித்த வழியால் கோழிகள் வெருண்டு வெளியே ஓடியிருக்கும், தெருநாய் இரண்டைக் கடித்திருக்கும். நஞ்சு வைத்திருந்தால் நரியோடு அந்த நாயும் செத்திருக்கும், உங்கள் வீட்டு நாயும் செத்திருக்கும்.

கயிற்றை நினைத்து உங்களை நீங்களே வருத்த வேண்டாம் மகள். கூடு எப்படிக் கட்டுவது என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.

கிண்ணியா நானா
திங்கள், இரவு 10.20

நஞ்சைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா அப்போது தாறாவும் கோழியும் வைத்திருந்தார். நரித் தொல்லை தாங்காமல் மாட்டு ஈரலில் நஞ்சு வைத்தார். முதல் நாள் ஒரு நரி வரம்பில் செத்துக் கிடந்தது. வாப்பா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மாலையே எங்கள் நாய் நுரை தள்ளிக் கிணற்றடியில் விழுந்தது. அதற்குத் தேசிக்காய்ப் புளியும் தேங்காய்ப்பாலும் ஊற்றினோம். ஒன்றும் ஆகவில்லை, இரவெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த நாள் பக்கத்து வீட்டு நாய். அதற்கு அடுத்த நாள் செத்த நரியைக் கொத்திய செம்பருந்துகள் இரண்டு வயலில் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரரோடு வாப்பாவுக்கு அதன் பின் பேச்சே இல்லை. அவர் மௌத்தாகும் வரை அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை.

நரி திரும்ப வரவில்லையா என்றால், அடுத்த போகம் அறுவடைக்கு முன்பே வந்தது. வேறொரு சோடி. இடம் காலியாக இருந்தால் அடுத்தது வந்து குடியேறும், அவ்வளவுதான். வாப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கூட்டை உயர்த்திக் கட்டினார். அதை முதலே கட்டியிருக்கலாம் என்று உம்மா சொன்னபோது அவர் அழுததை நான் கண்டேன்.

சம்பூர் மீள்வாசி
செவ்வாய், காலை 6.30

எல்லாரும் நரியைக் கள்ளன் போலப் பேசுகிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி.

2006இல் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினோம். கிளிவெட்டி முகாமில் பல ஆண்டுகள். அங்கே கோழி வளர்க்க இடமில்லை, நரி ஊளையும் இல்லை, லவுட்ஸ்பீக்கர் சத்தம்தான். 2016இல் எங்கள் காணிக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது. பற்றை மார்புயரம். தறப்பாளைக் கட்டிக்கொண்டு முதல் இரவு படுத்திருந்தபோது காட்டோரம் ஒரு நரி ஊளையிட்டது. பிறகு இன்னொன்று, பிறகு நாலாபக்கமும். அம்மா எழும்பி இருந்து அழுதார். "நாங்கள் இல்லாத காலத்திலும் ஊர் செத்துப்போகவில்லை" என்றார்.

அடுத்த மாதமே எங்கள் கோழிகளில் நான்கை அதே நரிகள் கொண்டுபோயின. அன்று நானும் திட்டினேன், அம்மாவும் திட்டினார். ஆனாலும் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காணியை நாங்கள் விட்டுப் போனபோது பார்த்துக்கொண்டிருந்தவை அவை.

மூதூரான்
செவ்வாய், காலை 9.10

அக்கா, உங்கள் அம்மாவின் கண்ணீரை நான் மதிக்கிறேன். நாங்களும் அந்த ஆண்டு ஓடியவர்கள்தான். ஆனால் பசித்தவனிடம் போய் நரி ஊளையின் அழகைச் சொல்ல முடியாது.

யானை வீட்டை இடித்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நரி கோழியைத் தின்றால் ஒரு ரூபாய் தந்த எவரையும் நான் கண்டதில்லை. காட்டு விலங்கு ஊருக்கே பொதுச்சொத்து என்கிறார்கள், நட்டம் மட்டும் ஏன் ஒரு விதவையின் தலையில் விழ வேண்டும்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். கூடு கட்டச் சொல்வது எளிது. நல்ல கம்பிவலை விற்கும் விலையில் மாமியால் இன்னும் பத்துக் கோழி வாங்க முடியும்.

மெல்பேர்ன் திருமலையாள்
செவ்வாய், முற்பகல் 11.45

நான் திருமலை (திருகோணமலை) லிங்கநகரில் வளர்ந்தவன். இருபது ஆண்டுகளாக அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன், இங்கும் ஆறு கோழிகள் வைத்திருக்கிறேன்.

மூதூர் அண்ணனின் கோபம் எனக்கு இங்கே பழக்கமானது. இங்கு நரி என்றால் செந்நரி. 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் இந்தக் கண்டத்தில் நரியே இல்லை. இங்குள்ள சிறு விலங்குகளுக்கு அதனிடமிருந்து தப்பத் தெரியாது, பல இனங்கள் அழிந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் விக்டோரியா மாநில அரசே நரியைக் கொன்று காட்டுபவர்களுக்குப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. விலங்குகளை நேசிப்பவர்களே நரியைக் கொல்லச் சொல்லும் இடம் இது. என் கோழிகளில் மூன்றைப் பறிகொடுத்தபோது நானும் பொறி வைத்தேன், வருந்தவில்லை.

ஆனால் அந்த நியாயத்தை நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. திருமலை நரி யாரும் கப்பலில் கொண்டுவந்து விட்டதில்லை. நமக்கு முன்பே அங்கே இருந்தது.

இன்னொன்று. வார்னம்பூல் என்ற கடலோர நகருக்குப் பக்கத்தில் மிடில் தீவு என்று சின்னத் தீவு இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் நரி நடந்தே போய்விடும். நூற்றுக்கணக்கில் இருந்த குட்டிப் பென்குவின்கள் 2005 அளவில் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. எவ்வளவோ செய்தும் முடியவில்லை. கடைசியில் வழி சொன்னவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். அவர் தன் கோழிகளுக்குக் காவலாக மரெம்மா என்ற இத்தாலிய ஆட்டுக்காவல் நாயை வைத்திருந்தார். 2006இல் அந்த நாய்களைத் தீவில் விட்டார்கள், பென்குவின்கள் பெருகின. நாய் நரியைக் கொல்ல வேண்டியதுகூட இல்லை. அதன் மணமும் குரைப்புமே போதும். கோழிக் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர் நாய்க்குட்டி ஒன்று இந்த வேலையை நம் வளவிலும் செய்யும்.

லண்டனிலிருந்து
செவ்வாய், மாலை 4.30

இங்கே நிலைமை அதற்கு எதிர். நகரத்துக்குள்ளேயே செந்நரி திரிகிறது. இரவில் பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் நின்றிருக்கிறது. நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்லும் வேட்டையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது, 2005 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிக் கிராமமும் நகரமும் போட்ட சண்டை இன்னும் ஓயவில்லை.

என் இடப்பக்க வீட்டு அம்மையார் ஒவ்வொரு இரவும் நரிக்கு இறைச்சி வைக்கிறார், பெயரும் வைத்திருக்கிறார். வலப்பக்க வீட்டில் ஐந்து கோழிகள் இருந்தன. ஒரே இரவில் ஐந்தையும் அதே நரி கொன்று போட்டது. மூடிய கூட்டுக்குள் கோழிகள் படபடத்துக்கொண்டே இருந்தால் நரி எல்லாவற்றையும் கடித்துவிடும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் புதைத்து வைக்கும். அது வெறி இல்லை, பசிக்கால உணவைச் சேமிப்பது. ஆனால் ஐந்து உடலைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்குவது? இரண்டு வீட்டாரும் இப்போது பேசுவதில்லை. நரிக்குச் சோறு வைப்பதும் நரிக்குச் செய்யும் நன்மை என்று நான் நினைக்கவில்லை. மனிதரைக் கண்டு பயப்படாத நரி அதிக நாள் வாழாது.

கந்தளாய் வியாபாரி
செவ்வாய், மாலை 6.02

யாராவது நரி அடித்தால் மண்டையை எறிய வேண்டாம். நரிக்கொம்பு இருந்தால் நல்ல விலை போகும். கேட்டு ஆட்கள் வருகிறார்கள்.

நூலகத்து மூலை (திருகோணமலை நகர்)
செவ்வாய், இரவு 7.15

கந்தளாய்த் தம்பி, இதை எழுதியதற்காக உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்த ஆசைக்காக எத்தனை நரிகள் செத்தன என்று நினைத்துப் பாருங்கள்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்த நம்பிக்கையை எழுதிவைத்திருக்கிறார். கூட்டத் தலைவனான நரியின் மண்டையில் மயிர்க் கற்றைக்குள் அரை அங்குலக் கொம்பு இருக்குமாம். அதை வைத்திருப்பவனுக்கு நினைத்ததெல்லாம் நடக்குமாம், வழக்கிலும் வெல்வானாம். தமிழரும் சிங்களவரும் ஒன்றுபோல நம்பினோம். நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. மண்டையில் அரிதாக ஓர் எலும்புப் புடைப்பு இருக்கலாம். விற்கப்படுவதில் பெரும்பாலானவை மயிரும் தோலும் சேர்த்து ஒட்டிய போலிகள்.

நம் நரியைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதுவதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்கிறோம், அதே வாயால் ஏமாற்றுக்காரனை நரி என்கிறோம். மாணிக்கவாசகருக்காக இறைவன் நரியைத்தான் பரியாக்கினார். இரவில் அவை மீண்டும் நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்தன என்று அதே கதையில் சொல்கிறோம். தமிழ்நாட்டில் சேலம் பக்கத்துச் சில கிராமங்களில் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து முகம் பார்க்கும் வழக்கம் இருந்தது, அங்கே வனத்துறை அதற்குத் தண்டம் விதிக்கிறது. அந்த வங்காநரி உண்மையில் வேறு இனம், சின்ன உடம்பு. இலங்கையில் அது இல்லை. இங்குள்ளது ஒரே ஒரு நரிதான், விலங்கியலில் கேனிஸ் ஓரியஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அதன் உப இனத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'நரியா'. நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அது நாய்க்கும் ஓநாய்க்கும் உறவு. லண்டன் அன்பர் சொல்லும் செந்நரி வேறு கிளை.

அதன் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எலி, நண்டு, தவளை, பல்லி, பூச்சி, செத்த மாடு, இலந்தைப்பழம். கோழி அதற்கு எப்போதாவது கிடைக்கும் விருந்து. தம்பலகாமத்து வயலில் எலி வெட்டிய நெல்லைக் கணக்குப் பார்த்தவர்கள், எலிக்காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்தவர்கள், ஒரு நரிச் சோடி ஓர் இரவில் வரம்பெல்லாம் எதைத் தேடித் திரிகிறது என்று யோசிக்க வேண்டும். அவை வாழ்நாள் முழுவதும் சோடியாக வாழ்பவை. முந்தின ஈற்றுக் குட்டிகள் பெரிதான பின்னும் தாயோடு தங்கி அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். தாயைக் கொன்றால் வளைக்குள் இருப்பவையும் சாகும்.

மூதூரான்
செவ்வாய், இரவு 8.00

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எலி தின்பதால் நன்மை வயற்காரனுக்கு, கோழி தின்பதால் நட்டம் மாமிக்கு. மாமிக்கு வயல் இல்லை.

நூலகத்து மூலை (திருகோணமலை நகர்)
செவ்வாய், இரவு 8.22

உங்கள் கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை. கமக்காரர் அமைப்புகள் ஒரு போகத்துக்குச் சிறு தொகை ஒதுக்கி, கோழி வளர்க்கும் ஏழை வீடுகளுக்குக் கம்பிவலை வாங்கிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் செய்து நான் பார்க்கவில்லை. ஆனால் கேட்கலாம்.

பழைய போதனாசிரியர் (உப்புவெளி)
புதன், காலை 8.30

சொன்னபடி கூட்டைப் பற்றி எழுதுகிறேன். மூதூர்த் தம்பி, உங்கள் மாமியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், செலவு குறைந்த வழியாகவே சொல்கிறேன்.

கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நரியை வெளியே வைத்திருக்காது. பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். கூட்டைச் சுற்றிக் கீழே இரண்டு அடி உயரத்துக்காவது பற்றவைத்த கம்பிவலை வேண்டும். அரை அங்குலக் கண் என்றால் கீரியும் நுழையாது. முழுக் கூட்டுக்கும் வாங்க முடியாவிட்டால் கீழ்ப்பகுதிக்கு மட்டும் வாங்குங்கள், மேலே பழைய வலை போதும், ஆனால் கூரையோரம் இடைவெளி விடக் கூடாது. மரநாய் அதன் வழியாகத்தான் வரும்.

நரி மண்ணைப் பறிக்கும் விலங்கு. சுவர் முடியும் இடத்தில்தான் பறிக்கத் தொடங்கும். ஆகவே வலையை நேரே மண்ணுக்குள் இறக்குவதைவிட, கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு நிலத்தில் படுக்கவைத்து, மேலே கல்லோ மண்ணோ போடுங்கள். பறிக்க வந்தால் கால் வலையில்தான் படும், பின்னால் தள்ளிப்போய்ப் பறிக்க அதற்குத் தோன்றாது. வலையே வாங்க வசதி இல்லாதவர்கள் நம் பாட்டன்மார் செய்ததைச் செய்யலாம். நான்கு கால் நட்டு இடுப்புயரத்தில் பலகைக் கூடு, மாலையில் ஏற ஒரு மட்டை ஏணி, கோழி ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவது. கால்களில் தகரத்தைச் சுற்றினால் பாம்பும் மரநாயும் ஏறாது. பலகைத் துண்டும் உழைப்பும் போதும்.

கொளுவி இரண்டு போடுங்கள். கயிறு வேண்டாம். பொழுது படுமுன் அடைத்து, நன்றாக வெளிச்சம் வந்த பின் திறவுங்கள். விடியப்புற இருட்டில் முட்டை எடுக்கத் திறந்துவிட்டுப் போகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நரி திரும்பும் நேரம் அதுதான்.

இப்போது எனக்குக் கோபம் வரும் விடயம். செத்த புறொயிலர் கோழியையும் கடைக் கழிவையும் சாக்கில் கட்டிப் பற்றைக்குள் எறிகிறார்கள். கோழி மணம் என்றால் சாப்பாடு என்று நரிக்கும் தெருநாய்க்கும் நாமே பாடம் படிப்பித்துவிட்டு, பிறகு அது படலைக்கு வந்தால் நஞ்சு வைக்கிறோம். இரண்டு அடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இராணிக்கெட் நோயில் செத்த கோழி என்றால் கட்டாயம் புதைக்க வேண்டும். என் சேவைக் காலத்தில் நரி தின்ற கோழிகளைப் போலப் பல மடங்கை அந்த நோய் கொண்டுபோனதைப் பார்த்தேன். தடுப்பு மருந்து போடாத வீட்டில் ஒரு கிழமையில் கூடு காலியாகும். அதற்காக யாரும் இரவில் விழித்திருப்பதில்லை.

விசர்நோயைப் (ரேபிஸ்) பற்றியும் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் ஆளைக் கண்டு ஓடாத நரி, தள்ளாடும் நரி, வாயில் நீர் வடியும் நரி என்றால் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளை உள்ளே எடுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாட்டு மருந்து, மஞ்சள் என்று ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் இந்தப் பயத்தில் பாதி போகும்.

மூதூரான்
புதன், காலை 9.05

கால் நட்ட கூட்டை மாமி சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிக் கொடுக்கிறேன். நட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

வளவுக்காரி (தம்பலகாமம்)
அடுத்த செவ்வாய், இரவு 9.20

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கணவர் 20 அடி கம்பிவலை வாங்கி வந்தார். ஐயா சொன்னபடி வெளியே படுக்கவைத்துக் கல் பரப்பினோம், கதவுக்கு இரண்டு கொளுவி போட்டோம். ஞாயிறு இரவு நாய் குரைத்து எழும்பினேன். காலையில் பார்த்தால் கல் இரண்டு புரண்டு கிடந்தது, வலைக்கு மேல் மண் கீறப்பட்டிருந்தது. கோழிகள் 12ம் இருந்தன. பறித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

பக்கத்து வளவு ஐயா தன் பக்க வரம்பில் ஏற்கெனவே நஞ்சு வைத்துவிட்டார் என்று சனிக்கிழமைதான் தெரிந்தது. அவருக்கும் அந்தக் கிழமை பத்துக் குஞ்சுகள் போயிருக்கின்றன, எங்களுக்குச் சொல்லவில்லை. கிண்ணியா நானாவின் வீட்டு நாயின் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டார், பதில் சொல்லவில்லை. மிஞ்சிய ஆறு அடி வலையை மகளிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார். இன்று காலை அவர் கூட்டடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் வரம்பில் வைத்ததை எடுத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயதில் மூத்தவர்.

எங்கள் நாயைச் சனிக்கிழமை முதல் கட்டிவைத்திருக்கிறேன். கோழிகளையும் வளவுக்கு வெளியே விடவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படிக் கட்டிவைக்க வேண்டும்?

கிண்ணியா நானா
அடுத்த செவ்வாய், இரவு 9.48

தங்கச்சி, நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். அவர் அதை எடுத்துப் புதைத்ததை உங்கள் கண்ணால் காணும் வரை நாயை அவிழ்க்காதீர்கள். உங்களுக்குக் கேட்க வாய் வராவிட்டால் கணவரை அனுப்புங்கள். விடிந்ததும் அனுப்புங்கள்.

பழைய போதனாசிரியர் (உப்புவெளி)
அடுத்த செவ்வாய், இரவு 10.05

நானா சொன்னதுதான். போகும்போது கணவர் ஒரு மண்வெட்டியும் கொண்டுபோகட்டும், ஐயாவுக்கு வயதாகிவிட்டது, குழியைக் கணவரே வெட்டிக் கொடுக்கட்டும். இரண்டு அடி ஆழம், வாய்க்காலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி. கையில் உறை போடாமல் தொட வேண்டாம்.

அந்த 11 முட்டைகளை என்ன செய்தீர்கள்?

வளவுக்காரி (தம்பலகாமம்)
அடுத்த செவ்வாய், இரவு 10.11

அன்று காலையே கறுத்தப் பேட்டுக்குக் கீழ் வைத்துவிட்டேன் ஐயா. அதுவும் அடைக்கு இருந்தது, ஏற்றுக்கொண்டது. இன்று பின்னேரம் ஒரு முட்டைக்குள் சத்தம் கேட்கிறது.

விடிந்ததும் அவரை மண்வெட்டியோடு அனுப்புகிறேன்.